நோயாளியின் சொல்லும் மருத்துவ மாணவனும்: மானிப்பாய் தரும் பாடம்

மருத்துவம் பயிலும் மாணவர் நூலறிவோடு நோயாளியின் படுக்கையருகே முதன்முறை நிற்கும்போது, அவருக்கு வேண்டிய முதற்கருவி எது? காதுகுழாய் என்று பலரும் கூறுவர். நோயாளியின் மொழி என்று விடை கண்டவர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884).

அமெரிக்க மிஷன் சார்பில் 1847இல் இலங்கை வந்த கிறீன், அடுத்த ஆண்டே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணியோடு மாணவர்க்குப் பயிற்சியும் தொடங்கினார். தொடக்கத்தில் ஆங்கிலமே பயிற்றுமொழி. ஆங்கிலத்தில் தேர்ந்தோர் ஊதியம் மிகுந்த அரசுப் பணிகளை நாடி வெளியூர் செல்லக் கண்டார். ஊர்மக்களிடையே தங்கிப் பணிபுரியும் மருத்துவர் வேண்டுமெனின், கல்வி ஊர்மொழியில் அமைதல் வேண்டும் என உணர்ந்தார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்.

நூலின்றிக் கல்வி ஏது? எனவே நூல்களையும் அவரே ஆக்க வேண்டியதாயிற்று. அங்காதிபாதம், சுகரணம் பற்றிய நூல் 1852இலேயே வெளிவந்திருந்தது. பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும் அச்சேறின. மொழிபெயர்ப்பில் அவர்தம் மாணவர்களும் துணைநின்றனர் என்பது கருதத்தக்கது. ஒரு சொல்லைத் தமிழில் ஆக்க முயல்பவன் அதன் பொருளை ஐயமறக் கற்றாக வேண்டுமன்றோ! 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் கிறீன் இப்பணியைக் கைவிட்டாரல்லர்.

அவருடைய கலைச்சொற்களில் வடமொழி மிகுதி. அங்காதிபாதம் என்றதை இன்று உடற்கூற்றியல் என்கிறோம். ஆங்கிலமே பதவிக்கு வழியாயிருந்த ஆட்சியில் அம்முயற்சி வேரூன்றவும் இல்லை. ஆயினும் அவர் எழுப்பிய வினா இன்றும் நம்முன் நிற்கிறது.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களை எண்ணிப் பாருங்கள். அவை அமைந்த திருவள்ளூர் மாவட்டத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. வலை இழுத்துக் களைத்த மீனவர் ஒருவர் "நெஞ்சு கரிக்குது" என்கிறார் எனக் கொள்வோம். அது செரிமானக் கோளாறாகவும் இருக்கலாம். இதயநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். "மரத்துப்போச்சு" என்பவர் உணர்ச்சியின்மையைச் சொல்கிறாரா, வலுவிழப்பையா? "கிறுகிறுப்பு" என்பது தலைச்சுற்றலா, மயக்கம் வரும் நிலையா? எப்போது, எவ்வளவு நேரம், எதனால் கூடுகிறது என அவர் மொழியிலேயே மேலும் வினவாத மாணவர், நோயறிதலின் முதற்படியிலேயே இடறுவார். ஏரிக்கரையில் தெலுங்கும் வழங்குவதால் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

2019இல் நடைமுறைக்கு வந்த மருத்துவப் பாடத்திட்டத்தின் தொடக்கப் பயிற்சியில் வட்டாரமொழியும் இடம்பெற்றுள்ளது. நன்று. ஆனால் எழுத்தறிமுகமும் நலம் விசாரித்தலும் மட்டும் போதா. வலிக்கும் வீக்கத்திற்கும் காய்ச்சலுக்கும் அந்தந்த வட்டாரத்தார் வழங்கும் சொற்களைத் தொகுத்து, மருத்துவமனைப் பணிக்கு முன்பே மாணவர் கையில் அளித்தல் வேண்டும். அத்தொகுப்பை மருத்துவர் மட்டும் செய்துவிட இயலாது. சங்கச் சொல்லுக்கு உரை காணும் தமிழ்த்துறைகள் ஏரிக்கரைச் சொல்லுக்கும் உரை காணலாமே!