சென்னை பஸ்ஸுக்கு ஏன் பெயர் இல்லை? விருதுநகரில் இருக்கிற பதில்

சிவகாசியில இருந்து சென்னைக்கு வர்றவங்க பலருக்கு ஒரு காட்சி ரொம்பப் பழக்கம். ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறுவீங்க. விடிஞ்சும் விடியாமலும் தாம்பரத்துலயோ எழும்பூர்லயோ இறங்குவீங்க. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு ரோட்டுக்கு வந்தா ஒரு மாநகரப் பேருந்து நிக்கும். 29சி-ன்னு வச்சுக்கோங்க, பெரம்பூர் டு பெசன்ட் நகர். அந்த பஸ்ஸோட பக்கவாட்டுல என்ன எழுதியிருக்குன்னு என்னைக்காவது கவனிச்சிருக்கீங்களா? ‘மாநகர் போக்குவரத்துக் கழகம்’. அவ்வளவுதான். மழைநீர் வடிகால் வாரியம் மாதிரி ஒரு பெயர்.

உங்க அம்மா அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க. அவங்க காலத்துல அது ‘பல்லவன்’. மதுரைப் பக்கம் ‘பாண்டியன்’, கோவைல ‘சேரன்’, கும்பகோணத்துல ‘சோழன்’. ஒரு ஊர் பஸ் ஸ்டாண்டுல நின்னா மூவேந்தரும் அடுத்தடுத்து ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போவாங்க. அந்தப் பெயர்கள் எல்லாம் 1997 ஜூலை 1-ம் தேதி ஒரே நாள்ல போச்சு. சென்னைல உங்க பஸ் பெயரை இழந்ததுக்கான காரணம் சென்னைல இல்ல. இன்னைக்கு நாம பேசப்போறது அதைப் பத்தித்தான்.

முதல்ல கொஞ்சம் பின்கதை. 1895-ல் சென்னைல மின்சார டிராம் ஓட ஆரம்பிச்சது; 1953-ல் நின்னுபோச்சு. டிராம் இருக்கும்போதே அரசாங்கம் பஸ் விட ஆரம்பிச்சுடுச்சு. ஆனா மாநிலத்தோட மத்த இடங்கள்ல ரொம்ப காலம் தனியார் முதலாளிங்க ராஜ்ஜியம்தான். 1970-களின் தொடக்கத்துல, கருணாநிதி முதலமைச்சரா இருந்தப்போ, பெரிய தனியார் பஸ் கம்பெனிகள் நாட்டுடைமை ஆச்சு. 1972-ல் சென்னைக்குப் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது. மத்த ஊர்களுக்கும் அப்படியே. முதல்ல ராஜ வம்சங்கள், அப்புறம் வீரர்கள், தலைவர்கள், புலவர்கள். திருநெல்வேலிக்குக் கட்டபொம்மன், காரைக்குடிக்கு மருது பாண்டியர், திண்டுக்கல்லுக்கு ராணி மங்கம்மாள், நாகர்கோவிலுக்கு நேசமணி, ஈரோட்டுக்கு ஜீவா. தூரப் பயணத்துக்குத் திருவள்ளுவர். 1994-ல் பல்லவனைப் பிரிச்சு, சென்னையின் இன்னொரு பாதிக்கு டாக்டர் அம்பேத்கர் பெயரை வச்சாங்க.

ஒரு கழகத்தை ரெண்டாப் பிரிச்சா ஒரு பெயர் தேவை. பெயர் தேவைன்னா ஒரு தலைவர் தேவை. தலைவர்னா அவரைத் தங்கள் ஆளாக் கொண்டாடுற ஒரு சமூகம். இது எங்க போய் முடியும்னு அப்பவே யாராவது யோசிச்சிருக்கலாம். மாவட்டங்களுக்கும் இதே கதைதான். 1985-ல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரிச்சப்போ விருதுநகர்ப் பகுதிக்குக் காமராஜர் மாவட்டம்னு பெயர் வந்தது. பக்கத்துல பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். வரைபடமே ஒரு மேடை மாதிரி ஆயிடுச்சு. யாருக்கு எந்த நாற்காலின்னு எல்லாரும் எண்ண ஆரம்பிச்சாங்க.

விருதுநகருக்குப் பெயர்ங்கிறது சாதாரண விஷயம் இல்ல, அதையும் இங்க சொல்லியாகணும். விருதுப்பட்டியா இருந்த ஊர் 1923-ல் விருதுநகர் ஆச்சு. 1956-ல் சென்னை மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ன்னு பெயர் வைக்கணும்னு கேட்டு சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் உட்கார்ந்தது இதே ஊர்லதான். எழுபது நாளையும் தாண்டி இருந்து, அக்டோபர் 13 அன்னைக்கு உயிரை விட்டார். அவர் கேட்ட பெயர் 1969 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

சரி, 1997. விருதுநகர்ப் பகுதிக்குத் தனியா ஒரு போக்குவரத்துக் கழகம். அதுக்கு அரசு வச்ச பெயர் வீரன் சுந்தரலிங்கம். யார் இவர்? கட்டபொம்மனோட படைத் தளபதி. ஒட்டப்பிடாரம் பக்கத்துல கவர்னகிரிதான் ஊர். 1799-ல் வெள்ளைக்காரப் படையோட வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்துத் தன் உயிரையும் கொடுத்தார்னு அந்தப் பக்கத்து மக்கள் தலைமுறை தலைமுறையாச் சொல்லிட்டு வர்றாங்க. அவர் தேவேந்திர குலத்தைச் சேர்ந்தவர். ஒடுக்கப்பட்ட சமூகத்துக்காரர்.

கட்டபொம்மன் பெயரைத் தாங்கின பஸ் அதுக்கு முன்னாடி இருபது வருஷத்துக்கும் மேல ஓடிட்டு இருந்தது. எந்தச் சாதிக்காரரும் ஏற மாட்டேன்னு சொல்லல. அதே கட்டபொம்மனுக்காக உயிரைக் கொடுத்த தளபதியோட பெயர் பஸ்ல வந்ததும், இடைநிலைச் சாதிகளைச் சேர்ந்த ஒரு பகுதியினர், “அந்தப் பேர் போட்ட பஸ்ல நாங்க ஏற மாட்டோம்”னு நின்னாங்க. பஸ்கள் மேல கல் விழுந்தது. மோதல் கிராமம் கிராமமாப் பரவுச்சு. வீடுகள் எரிஞ்சது, உயிர்கள் போச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் அந்தக் கோடையை நினைவு வச்சிருக்கிற பெரியவங்க இன்னைக்கும் அதைப் பத்திக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவாங்க.

ஏன் பஸ்? ஒரு சிலைக்கோ தெருவுக்கோ பெயர் வச்சிருந்தா இவ்வளவு ஆகியிருக்குமா? என் யோசனை இது. கிராமத்துல தெரு தனி, கிணறு தனி, சுடுகாடு தனி. பஸ் மட்டும்தான் ஒண்ணு. ஒரே சீட், தோளோடு தோள். சிலையைச் சுத்திக்கிட்டுப் போயிடலாம். பஸ்ல ஏறித்தான் ஆகணும். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேற வழி கிடையாது. தினமும் அந்தப் பெயருக்குக் கீழ போய் உட்காரணும்.

இதே மண்ணுல பஸ்ஸை வச்சு இதுக்கு நேர் எதிரா ஒரு காரியமும் நடந்திருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. ஆங்கிலேயர் காலத்துல, தனியார் பஸ் ஓட ஆரம்பிச்ச புதுசுல, தாழ்த்தப்பட்டவங்களை ஏத்த மாட்டோம்னு பல முதலாளிங்க சொன்னாங்க. அப்போ விருதுநகர், சிவகாசி எல்லாம் ராமநாதபுரம் ஜில்லா போர்டுக்குக் கீழ. அந்த போர்டுக்குத் தலைவரா வந்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியன். 1929-ல் செங்கல்பட்டுல நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர். அவர் போட்ட உத்தரவு எளிமையானது: ஆதிதிராவிடர்களை ஏத்தாத பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது. உபதேசம் எதுவும் பண்ணல, முதலாளியோட வருமானத்துல கை வச்சார். பஸ் கதவு திறந்துச்சு. தி.நகர்ல நீங்க டி-ஷர்ட் வாங்கப் போற பாண்டி பஜார் இருக்கே, சௌந்திரபாண்டியனார் அங்காடி, அது இவர் பெயர்தான்.

ஆக, ஒரு காலத்துல ஏத்த மாட்டோம்னு முதலாளி சொன்னப்போ அதிகாரம் “உன் வண்டியே ஓடாது”ன்னு சொல்லுச்சு. 1997-ல் ஏற மாட்டோம்னு பயணி சொன்னப்போ அதிகாரம் என்ன செஞ்சது? சுந்தரலிங்கம் பெயரை மட்டும் எடுத்தா அது அப்பட்டமான அநியாயம். அப்படியே வச்சா ரத்தம். அரசு மூணாவது வழியைப் பிடிச்சது: எல்லாப் பெயரையும் எடுத்துடலாம். போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள், ஒண்ணு பாக்கி இல்லாம. பல்லவனும் போனார், அம்பேத்கரும் போனார், திருவள்ளுவரும் போனார். (வள்ளுவருக்கு மட்டும் பஸ்ஸுக்குள்ள குறள் பலகைல இடம் மிச்சம் இருந்தது.) காமராஜர் பிறந்த ஊர் இருக்கிற மாவட்டத்துலயே காமராஜர் பெயர் போய் அது விருதுநகர் மாவட்டம் ஆச்சு. யாரோ ஒரு பகுதியினர் ஒரு பெயரைச் சகிக்காததுக்கு, சுமார் இருபது கழகங்களும் பல மாவட்டங்களும் சேர்ந்து விலை கொடுத்தன.

அது புத்திசாலித்தனமான முடிவுன்னு சொல்றவங்க இருக்காங்க. தீயை அணைக்கணும்னா முதல்ல எண்ணெயை நகர்த்தணும்ங்கிறது அவங்க வாதம். பட்டாசுத் தொழில் பண்ற ஊர்க்காரங்களுக்கு அது நல்லாவே புரியும். இன்னொரு பக்கம், ஏற மாட்டேன்னு அடம் பிடிச்சவங்களுக்குத்தான் கடைசில ஜெயம்னு சொல்றவங்களும் இருக்காங்க. நான் ரெண்டாவது பக்கம்தான் சாய்வேன். எல்லார் பெயரையும் எடுத்தது சமத்துவம் மாதிரி தெரியும். ஆனா எடுக்கச் சொல்லிப் போராட்டம் நடந்தது ஒரே ஒரு பெயருக்குத்தான்.

பெயரை எடுத்ததும் பிரச்சினை தீர்ந்துச்சான்னா, தேதியைப் பாருங்க. பெயர்கள் போனது ஜூலை 1. அதுக்கு முந்தின நாள், 1997 ஜூன் 30, மதுரையில இருந்து மேலூர் வழியா மேலவளவுக்குப் போன பஸ். அதுல இருந்தவர் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், தலித். பஸ்ஸை வழிமறிச்சு அவரையும் கூட வந்தவங்களையும் வெட்டிக் கொன்னாங்க. அந்த பஸ்ஸோட பக்கவாட்டுல என்ன பெயர் இருந்ததுங்கிறதுக்கும் அந்தக் கொலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. தலைவர் நாற்காலில யார் உட்காரலாம்ங்கிறதுதான் அங்க பிரச்சினை.

இன்னைக்கு சிவகாசில ஓடுற அரசு பஸ் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தோட மதுரைக் கோட்டத்தைச் சேர்ந்தது. நம்பர் பிளேட்ல டி.என். 67, பக்கத்துல அரசு பஸ்ஸுக்கே உரிய ‘என்’ எழுத்து. காலைல பட்டாசு ஆலைகளுக்குப் போற வேன்களுக்கு நடுவுல அதுவும் போகும். சென்னைல தலைமை அலுவலகத்துக்கு இன்னும் ‘பல்லவன் இல்லம்’னுதான் பெயர், அது இருக்கிற ரோடு பல்லவன் சாலை. வயசானவங்க “பல்லவன்ல போலாம்”, “பாண்டியன் வந்துருச்சா”ன்னு சொல்றதை இப்பவும் கேட்கலாம். ‘சுந்தரலிங்கம் வந்துருச்சா’ன்னு யாரும் சொல்லிக் கேட்டதில்ல. வாய்க்குப் பழகுற அளவுக்கு அந்தப் பெயரை அவங்க ஓட விடல.