அமுக்கரா, பிரமி, துளசி டீ: மன அமைதிக்காக மூலிகை வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

"ஸ்ட்ரெஸ்ஸா இருக்கா? தினமும் ராத்திரி இதை ஒரு ஸ்பூன் பால்ல கலந்து குடிங்க." செல்போனைத் திறந்தாலே இப்படி ஒரு வீடியோ வந்து நிற்கிறது. பொடி, மாத்திரை, டீ பாக்கெட், கம்மி மிட்டாய் என்று மன அமைதிக்கான மூலிகைகள் இன்று பல வடிவங்களில் ஆன்லைனில் கிடைக்கின்றன. டாக்டர் சீட்டும் தேவையில்லை.

"இயற்கைதானே, என்ன ஆகிடப் போகுது?" என்று நினைத்து வாங்குபவர்கள் அதிகம். ஆனால் உடலில் ஒரு மாற்றத்தை உண்டாக்கும் எந்தப் பொருளுக்கும் பக்கவிளைவு இருக்கலாம். எதை, யார், எப்படித் தேர்ந்தெடுப்பது?

அமுக்கரா: வேரா, இலையா?

அஸ்வகந்தா என்று விற்கப்படுவது நம் ஊர் அமுக்கராதான். மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பகுதிகளில் இது பயிராகிறது. மன அழுத்தம், தூக்கமின்மை இரண்டிலும் ஓரளவு பலன் தெரிவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குறைந்த எண்ணிக்கையிலான ஆட்களிடம், சில வாரங்கள் மட்டும் நடந்தவை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் போதிய தரவு இல்லை.

பாரம்பரியமாக மருந்துக்குப் பயன்படுவது இதன் வேர். மருந்து தயாரிப்பில் அமுக்கரா இலையைத் தவிர்க்கும்படி மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021-ல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. எனவே லேபிளில் 'ரூட்', அதாவது வேர், என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

பொடியும் எக்ஸ்ட்ராக்ட் எனப்படும் சாறெடுத்த தூளும் ஒன்றல்ல. எக்ஸ்ட்ராக்ட் செறிவு கூடியது. ஒரு ஸ்பூன் பொடிக்குப் பதில் ஒரு ஸ்பூன் எக்ஸ்ட்ராக்ட் என்று மாற்றிப் போட்டுவிடக் கூடாது. அதேபோல, சித்த மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் 'அமுக்கரா சூரணம்' தனி அமுக்கரா பொடி அல்ல. சுக்கு, மிளகு, திப்பிலி, கிராம்பு, ஏலம், சர்க்கரை எல்லாம் சேர்ந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

யார் தவிர்க்க வேண்டும்?

* தைராய்டு பிரச்னை உள்ளவர்கள்: அமுக்கரா தைராய்டு ஹார்மோன் அளவைக் கூட்டக்கூடும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கணக்கு தவறிவிடும்.
* கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள்.
* கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள்: அமுக்கரா சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. 2023-ல் டென்மார்க் இதைத் தடையே செய்தது.
* தூக்க மாத்திரை, சர்க்கரை, ரத்த அழுத்தம், நோய் எதிர்ப்பு சக்தியைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் எடுப்பவர்கள்: டாக்டரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது.

சாப்பிடத் தொடங்கிய பிறகு பசி குறைவது, உடம்பு அரிப்பது, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது போன்ற அறிகுறிகள் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பிரமி என்றால் எது?

இங்கேதான் குழப்பம். ஈரமான இடங்களில் சின்னச் சின்னத் தடித்த இலைகளோடு படரும் நீர்ப்பிரமி ஒன்று. வட்டமான, சிறுநீரக வடிவ இலை கொண்ட வல்லாரை இன்னொன்று. வட இந்தியாவில் இரண்டையுமே 'பிராமி' என்று சொல்வதுண்டு. பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டால் நீங்கள் நினைத்தது வராமல் போகலாம். லேபிளில் தாவரவியல் பெயரைத் தேடுங்கள்: 'பக்கோபா மோன்னியேரி' என்றால் நீர்ப்பிரமி, 'சென்டெல்லா ஏசியாட்டிகா' என்றால் வல்லாரை.

நீர்ப்பிரமி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஞாபக சக்தி தொடர்பானவை. இன்று சாப்பிட்டு இன்றே மனம் அமைதியாகிவிடாது. சிலருக்கு வயிற்றுவலி, குமட்டல், பேதி வரலாம். வெறும் வயிற்றில் எடுத்தால் தொந்தரவு கூடலாம்.

துளசி, சாமந்தி டீ

வீட்டுத் துளசியில் நாலு இலை போட்டுக் கொதிக்கவைத்துக் குடிப்பதில் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்னை இல்லை. ஆனால் 'துளசி கிரீன் டீ' பாக்கெட்டில் தேயிலையும் இருக்கும், அதில் கஃபைன் உண்டு. தூக்கம் வரட்டும் என்று ராத்திரி அதைக் குடித்தால் நேர்மாறாக நடக்கலாம்!

சீமைச் சாமந்தி எனப்படும் கெமோமில் டீ, சாமந்திக் குடும்பப் பூக்கள் ஒவ்வாதவர்களுக்கு அலர்ஜி தரலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் தவிர்ப்பது நல்லது.

ஜடாமாஞ்சி வாங்கலாமா?

இமயமலையின் உயரமான பகுதிகளில் வளரும் செடி இது. வேரோடு பிடுங்கிப் பிடுங்கியே அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. இதன் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. அரிதான சரக்கு என்பதால் கலப்படத்துக்கும் வாய்ப்பு அதிகம். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத கடையில் வாங்க வேண்டாம்.

லேபிளில் என்ன பார்க்க வேண்டும்?

ஆயுர்வேத, சித்த மருந்து என்றால் உற்பத்தி உரிம எண் இருக்க வேண்டும். உணவுத் துணைப்பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண் இருக்கும், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகமும் இருக்கும். இந்த வாசகத்தை அச்சிட்டுக்கொண்டே 'பதற்றத்தைக் குணமாக்கும்' என்று விளம்பரம் செய்தால் உஷாராகுங்கள். தயாரித்த தேதி, காலாவதி தேதி, ஒவ்வொரு மூலிகையின் அளவு மூன்றும் அவசியம். முதல் தடவை பல மூலிகைகள் கலந்த பாக்கெட்டை வாங்குவதைவிட ஒரே மூலிகை உள்ளதை வாங்குவது மேல். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் காரணம் எது என்று அப்போதுதான் தெரியும்.

மூலிகை போதாத நேரம்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை, வேலையே ஓடவில்லை என்றால் அடுத்த டப்பாவைத் தேட வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே மனநல மாத்திரை எடுப்பவர்கள் "இனி மூலிகை போதும்" என்று தாங்களாகவே நிறுத்துவது ஆபத்து. மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், 24 மணி நேரமும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாமல் அழையுங்கள்.