கிழிந்த பக்கமும் எழுதாத பக்கமும்: ‘வெண்பா’வின் புட்டுப் பக்கம் பற்றி

ரொறன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023 ஜூலை 31இல் ‘வெண்பா’ என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. அதைப் பற்றிய ஆய்வுப் பேச்சு, நான் பார்த்த அளவில், நிறுவனமே எழுதிய ஓர் அறிமுக வாசகத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த இந்தியத் தாயாக இருந்து சமைக்கலாம், தொலைந்த செய்முறைகளை மீட்டெடுக்கலாம் என்பது அதன் சாரம். ‘மீட்டெடுத்தல்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டவர்கள் வெண்பாவின் பழுதுபட்ட சமையல் புத்தகத்தைப் புலம்பெயர்ந்தோரின் சிதைந்த நினைவாக வாசித்தார்கள். விசை கேம்ஸை ஒருவகை ஆவணக் காப்பகமாக்கினார்கள். 2024இல் ஐ.ஜி.எஃப். விழாவின் பெருவிருதும் பாஃப்டாவின் முதற்படைப்பு விருதும் கிடைத்த பின் இந்த வாசிப்பு இன்னும் இறுகிப்போயிற்று. விற்பனை வாசகத்தைச் சான்றாகக் கொள்வதன் ஆபத்து எவரும் அறிந்தது. அதைப் பற்றி நீட்டவில்லை. என் மறுப்பு வேறு. அந்த வாசகம் சொல்லும் வேலையை விளையாட்டு செய்யவேயில்லை என்பது என் எண்ணம்.

சர்ச்சை முழுவதும் ஒரு பக்கத்தில் குவிந்திருப்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்: புட்டுப் பக்கம். மகன் கவின் சிறுவனாக இருக்கும் காலம். தாயிடமிருந்து வெண்பாவுக்கு வந்த புத்தகத்தில் செய்முறை முழுதாக வாசிக்கக் கிடைப்பதில்லை. முன்னால் பாத்திரமும் குழலும் சில்லும் மாவும் தேங்காய்ப்பூவும் இருக்கின்றன. எதற்குப் பின் எது என்பதுதான் கேள்வி. சில்லை மறந்து மாவைக் கொட்டினால் மா நிற்க இடமில்லை. சில்லு இறங்கிய பிறகே தேங்காய்ப்பூவும் மாவும் மாறி மாறி ஏறலாம். கடிகாரம் துரத்துவதில்லை, பிழைத்தால் இன்னொருமுறை செய்யலாம்.

இங்கே விளையாடுபவர் எதைக் கொண்டு விடை காண்கிறார் என்பதை யாரும் நிதானமாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. அழிந்த எழுத்து அவருக்குக் கிடைப்பதில்லை. அம்மம்மாவின் இன்னொரு பிரதி எங்கிருந்தோ வந்து பாடபேதம் தீர்ப்பதுமில்லை. ஏட்டுச்சுவடியில் செல்லரித்த இடத்தைப் பதிப்பாசிரியர் நிரப்பும் முறைக்கும் இதற்கும் ஒட்டே இல்லை. குழலைப் பார்க்கிறார், குழலே சொல்லிவிடுகிறது. முதல் அத்தியாயத்து இட்டலியும் அப்படித்தான். தட்டின் குழிகளையும் துளைகளையும் பார்த்து, ஆவி எந்த வழியாக ஏறும் என்று யோசித்தால் அடுக்கும் முறை தானாகப் பிடிபடும். பாத்திரம் அறிந்ததைப் பக்கம் அறியவேண்டிய அவசியமில்லை.

இதை நான் கற்றது கணினித் திரையில் அல்ல. கொழும்பு ஜிந்துப்பிட்டியில் எங்கள் வீட்டில் அம்மாவின் கொப்பி ஒன்று இருக்கிறது. நீல மட்டை, ஒற்றைக்கோட்டுத் தாள். அதில் பிட்டுக்கு இரண்டே வரி: மா இரண்டு சுண்டு, தேங்காய்ப்பூ, உப்பு, கொதிதண்ணி, அவிக்கவும். மா எந்தப் பதத்தில் வறுபட வேண்டும், குழைத்த மாவைப் பேணி விளிம்பால் எவ்வளவு கொத்த வேண்டும், நீத்துப்பெட்டியில் அழுத்தாமல் எப்படிப் போடவேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை. அதே கொப்பியில் லவ் கேக் இரண்டு பக்கத்துக்கு ஓடுகிறது. முட்டை எத்தனை, ரவை எத்தனை அவுன்ஸ், கஜுவை எந்தப் பருமனில் நறுக்குவது, அடுப்பில் எத்தனை நிமிஷம், தட்டில் எத்தனை தாள் விரிப்பது, எல்லாம் உண்டு. கொப்பியில் ஒரு தாளும் கிழியவில்லை, மையும் மங்கவில்லை. நாள்தோறும் செய்வது எழுத்தில் இரண்டு வரி. நத்தாருக்கு நத்தார் செய்வது இரண்டு பக்கம். கைக்குத் தெரியாததை மட்டுமே கொப்பி எழுதிக்கொள்கிறது.

ஸ்காபரோவுக்குப் போன அக்கா முதல் மாரியில் தொலைபேசி எடுத்து, எவ்வளவு தண்ணி விடுறது என்று கேட்டாள். “மா கேக்கிற அளவு விடு பிள்ளை” என்றார் அம்மா. அக்காவுக்குக் கோபம் வந்தது. எனக்கு அன்று சிரிப்பு. அடுத்த பார்சலில் மிளகாய்த்தூளோடு வறுத்த மா போனது. கொப்பி இன்றுவரை இங்கேதான் கிடக்கிறது. பதத்தை எழுதி அனுப்ப முடியாதென்று அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே பதமான மாவையே அனுப்பினார்.

ஒரு வீட்டுக் கொப்பியை வைத்து ஒரு நிறுவனத்தின் எண்ணத்தை நிறுவிவிட முடியாது. கொழும்பில் ஒரு சமையலறையின் பழக்கம் தமிழ்நாட்டுக் குடும்பமொன்றின் கதைக்குப் பொருந்தவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனாலும் மூன்றுவகை வெறுமைகளை வேறுபடுத்திப் பார்க்க அது உதவுகிறது: கிழிந்தது, கறைபட்டது, எழுதப்படாதது. விளையாட்டு நமக்குக் காட்டுவது முதல் இரண்டும். அது நம்மிடம் வேலை வாங்குவதோ மூன்றாவதில். கறையை அகற்றிவிட்டாலும் மா எவ்வளவு தண்ணீர் கேட்கும் என்பது அந்தப் பக்கத்தில் இருந்திருக்குமென்று நான் நம்பவில்லை.

நிறுவனரான அபி சொன்ன ஒன்றும் இதற்குப் பலம் சேர்க்கிறது. குடிபெயர்ந்தோர் கதைகள் பெரும்பாலும் பிள்ளையின் கண்வழி சொல்லப்படுகின்றன, தாம் பெற்றோரின் பக்கமிருந்து சொல்ல விரும்பியதாக அவர் பேட்டிகளில் கூறியிருக்கிறார். இதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். காட்டிவிட்டுப் பிள்ளையின் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். பக்கம் கிழிந்திருக்கிறதே என்று பதறுவது கவினின் பார்வை. வெண்பா பதறுவதில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள், குழலைக் கையில் எடுக்கிறாள்.

இன்னொரு வாசிப்பு நம் பக்கத்திலிருந்தே வருகிறது. கவர்ச்சியானது, அதனாலேயே கவனம் தேவை. கதை தொடங்கும் ஆண்டு 1988. அதற்கு இரண்டு ஆண்டு முன், 1986 ஆகஸ்டில், இலங்கைத் தமிழர் 155 பேர் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்டார்கள். 1983 ஜூலைக்குப் பிறகு கனடாவுக்குப் புறப்பட்டவர்கள் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜுகளில் ஏஜென்சிக்காரரின் அழைப்புக்குக் காத்துக் கிடந்ததை இந்தப் பகுதியில் வளர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். அப்படியான ரொறன்ரோவில் நடக்கும் தமிழ்க் கதையில் ஈழம் பேசப்படுவதில்லை. பேசப்படாத ஈழம் புட்டு வடிவில் ஒளிந்து வந்துவிட்டது என்பது இந்த வாசிப்பு. தமிழ்நாட்டுக் குடும்பம் இட்டலிக்கு அடுத்ததாகப் புட்டு அவிப்பானேன் என்று கேட்கிறார்கள்.

அவிக்கக் கூடாதா என்ன? மதுரையில் வந்தி பிட்டு விற்றதும், உதிர்ந்த பிட்டுக்காகச் சிவன் மண் சுமந்ததும் திருவிளையாடற் கதை. இன்றும் ஆவணியில் அங்கே புட்டுத் திருவிழா நடக்கிறது. கன்னியாகுமரி வீடுகளில் குழல் புட்டு காலை உணவு. பாத்திரத்தைச் சான்றாகக் கொண்டால் வழக்கு இன்னும் சிக்கலாகும். யாழ்ப்பாணத்தின் அடையாளம் என்று சொல்லத்தக்கது பனையோலை நீத்துப்பெட்டி. திரையில் இருப்பதோ குழல். குழல் யாழ்ப்பாணத்திலும் உண்டு, மலையாளத்திலும் உண்டு. சிங்களவரும் மூங்கில் குழலில் பிட்டு அவித்துத் தேங்காய்ப்பாலோடு உண்கிறார்கள். குழலை வைத்துக் குலம் கேட்க முடியாது. போதாதற்கு நிறுவனத்தின் அறிமுக வாசகமே இந்தியத் தாய் என்று சொல்லிவிட்டது. மீட்டெடுத்தலுக்கு அந்த வாசகத்தை வேதமாகக் கொள்பவர்கள் இந்தச் சொல்லை மட்டும் கண்டுகொள்ளாமல் விடுவது வேடிக்கை.

ஈழம் பற்றிய மௌனம் உண்மைதான். ஆனால் அது எழுதாத பக்கம். இவர்கள் அதைக் கிழிந்த பக்கமாக எண்ணி, கையில் அகப்பட்ட புட்டுத் துண்டால் ஒட்டப் பார்க்கிறார்கள்.

இதெல்லாம் வெறும் புதிர் உத்தி, விடையை மறைக்க ஒரு கறை தேவைப்பட்டது, அவ்வளவுதான் என்று சொல்லலாம். சொல்லட்டும். மறைக்க ஆயிரம் வழி உண்டு. அளவுகளை மறைத்து எண் கணக்குப் புதிராக்கியிருக்கலாம். வரிசையை மறைத்து, அதைப் பாத்திரத்திடம் கேட்க வைத்தது ஒரு தெரிவு. வெண்பா, பாவலன், கவின் என்ற பெயர்களை வைத்து, சீருக்குச் சீர் தளை பார்ப்பதையும் சில்லுக்குப் பின் தேங்காய்ப்பூ இடுவதையும் முடிச்சுப்போட்டு எழுதும் ஆசை எனக்கும் வந்தது. ‘விசை’ வேறு விற்பொறிக்கும் விசைப்பலகைக்கும் பொதுவான சொல். அடக்கிக்கொண்டேன்.

என் வாதத்துக்கு எதிரான இடம் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. பிந்திய பகுதியில் கவின் வளர்ந்த பிறகு அதே புத்தகம் அவன் கைக்கு வருகிறது. அவன் குழலோடு வளர்ந்த கைக்காரன் அல்ல. அம்மாவின் மொழியும் அவனிடம் தேய்ந்துவிட்டது. அவனுக்கு ஒவ்வொரு வெறுமையும் இழப்புத்தான். ‘மீட்டெடுத்தல்’ அங்கே பொருந்தும் என்பதை ஏற்கிறேன். பக்கம் மாறவில்லை, பிடித்திருக்கும் கைதான் மாறியது. அறிமுக வாசகம் அந்தக் கடைசிக் கையின் சொல்லை எடுத்து முதல் அத்தியாயத்து இட்டலித் தட்டின் மீதே ஒட்டிவிட்டது. விசை கேம்ஸின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் அதை உரித்துப் பார்க்கவில்லை.