மேசைக்கணினிக்கு லினக்ஸ் வழங்கல் தேர்வு

லினக்ஸ் என்பது 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கருநிரல் மட்டுமே. அதனுடன் திரைச்சூழல், மென்பொருள் நிறுவும் ஏற்பாடு, எழுத்துருக்கள், டிரைவர்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் தரும் தொகுப்புக்கு வழங்கல் என்று பெயர், பேச்சில் டிஸ்ட்ரோ. உள்ளே இருக்கும் கரு ஒன்றுதான் என்பதால் ‘எது சிறந்தது’ என்று கேட்பதில் பயனில்லை. எந்தக் கணினி, என்ன வேலை, மக்கர் செய்தால் யாரைக் கூப்பிடுவது என்ற மூன்றும் தெரிந்தால் தேர்வு பெரும்பாலும் முடிந்துவிடும்.

தமிழ்நாட்டில் இந்தத் தேர்வைப் பெரிய அளவில் செய்தது அரசு. சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் மாநில அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸை எடுத்தது. 2007-இல் மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம், டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸின் முதல் பதிப்பை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசும் பாஸும் ஒரே கணினியில் அருகருகே வந்தன. லினக்ஸ் இப்படி லட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தது. ஆனால் அதைத் தேர்ந்தது அந்த வீட்டுப் பிள்ளைகள் அல்ல. சொல்லித்தர ஆளில்லாத வீடுகளில் பாஸ், கணினியை முடுக்கும்போது வரும் பட்டியலில் ஒரு வரியாகவே நின்றுபோனது. பழுது வழங்கலில் இல்லை.

இப்போது கேள்வி மறுபடியும் வந்திருப்பதற்குக் காரணம் வேறு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, இன்டெல் செயலி என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் இதனால் நடுவழியில் நிற்கின்றன.

அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது ராம். 8 ஜிபி இருந்தால் உபுண்டு, லினக்ஸ் மின்ட், ஃபெடோரா எதுவும் ஓடும். 4 ஜிபி என்றால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருந்தும். 2 ஜிபியில் லுபுண்டு முக்கி முனகி ஓடும், பிரவுசரைத் திறக்கும்வரை. ராம் கூட்டி, ஹார்ட் டிஸ்கை எஸ்எஸ்டியாக மாற்றுவது எந்த வழங்கலையும்விட அதிகப் பலன் தரும்.

அடுத்தது காலம். உபுண்டுவின் எல்டிஎஸ் பதிப்புகளுக்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு. மின்ட்டின் முதன்மைப் பதிப்பு அவற்றின் மேல் கட்டப்படுவது. ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதங்கள்தான். ஆர்ச் போன்றவற்றுக்குப் பதிப்பு எண்ணே கிடையாது, புதுப்பிப்பு வந்துகொண்டே இருக்கும். கற்க விரும்புகிறவருக்கு அது சுகம். கடை பில் போடும் கணினிக்கு ஆகாது.

வேலை என்ன என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைக்கு வரும் வரைபடம் ஆட்டோகேட் கோப்பாக இருந்தால், அந்த மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பே இல்லை. லிப்ரேகேட், ஃப்ரீகேட் இரண்டும் நல்லவை. ஆனால் வாடிக்கையாளர் அனுப்பிய கோப்பு அப்படியே திறக்கும் என்று நம்பிப் பட்டறையை ஓட்ட முடியாது. டேலியில் கணக்கு வைப்பவருக்கும், பேஜ்மேக்கரில் அழைப்பிதழ் அடிப்பவருக்கும் இதே கதி. அச்சுப்பொறியையும் பார்க்க வேண்டும்: எச்பி ரகங்கள் பெரும்பாலும் செருகியதும் வேலை செய்யும், நம்மூர் அலுவலகங்களில் பரவலாக உள்ள கேனான் எல்பிபி 2900 மல்லுக்கட்ட வைக்கும்.

தமிழைப் பொறுத்தவரை வழங்கல்களுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. ஐபஸ், எம்17என் இரண்டையும் நிறுவினால் தமிழ்99 உள்ளிட்ட விசைப்பலகைகள் கிடைக்கும். 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றதற்குப் பிறகு எழுதிய கோப்புகளில் சிக்கல் குறைவு. வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகளை மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும்.

மீதி இருப்பது ஆள். சென்னை லினக்ஸ் பயனர் குழு 1990-களின் பிற்பகுதியிலிருந்தே இயங்குகிறது. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது. அவர்களில் ஒருவரோ பக்கத்துத் தெருத் தம்பியோ உபுண்டு பயன்படுத்துகிறார் என்றால், பட்டியலில் அதைவிட நல்லது எது இருந்தாலும் உபுண்டுவே போடலாம்.

எதையும் நிறுவும் முன் பென்டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் ஒரு மாலை ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு நான்கும் தேறினால் கோப்புகளை நகலெடுத்து வைத்துவிட்டு நிறுவுங்கள். பட்டறைக் கணினியில் மட்டும் விண்டோசை அழிக்காதீர்கள்.