சபையும் பிரார்த்தனையும்: கடிகாரக் கோபுரத்துக் கைதி

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பிரதேசத்தில், டாரிட்ஜ் நதிக்கரையில் அமைந்த பிடிஃபோர்டு என்னும் சிறு பட்டணத்தின் நகரசபை, தன் கூட்டங்களைப் பிரார்த்தனையுடன் தொடங்குவது சட்டப்படி செல்லுமா என்ற வழக்கில், 2012 பிப்ரவரி 10ஆம் தேதி நீதிபதி ஊஸ்லி அளித்த தீர்ப்பை இவ்வாரம் எடுத்துக்கொள்வதாகச் சென்ற இதழில் தெரிவித்திருந்தேன். அந்த வழக்கை, அச்சபையின் முன்னாள் அங்கத்தினர் ஒருவரோடு சேர்ந்து தொடுத்தது தேசிய மதச்சார்பற்றோர் சங்கம். 1866இல் அச்சங்கத்தை ஸ்தாபித்த சார்லஸ் பிராட்லாவைக் கண்டு வணங்காமல் அந்த நியாயஸ்தலத்தின் படியேறுவது முறையாகாது. ஆகவே முதலில் அவரிடம் செல்வோம்.

1833இல் லண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில், ஒரு வக்கீல் குமாஸ்தாவின் மகனாகப் பிறந்தவர் பிராட்லா. பால்ய வயதில் அவர் தேவாலயத்தின் ஞாயிறு பள்ளியில் சிறுவர்களுக்குப் போதித்தவர் என்பதை அவருடைய விரோதிகள் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். ஆங்கிலத் திருச்சபையின் முப்பத்தொன்பது விதிகளையும் நான்கு சுவிசேஷங்களையும் ஒப்பிட்டுப் படிக்கையில் எழுந்த சந்தேகங்களை, விளக்கம் வேண்டி அவர் தம் பாதிரியாருக்கு விநயமாக எழுதி அனுப்ப, அந்தப் பெரியவரோ சந்தேகத்தைத் தீர்ப்பதை விட்டு, பையன் நாஸ்திகனாகிவிட்டான் என்று தகப்பனாருக்குப் புகார் செய்தார். அதன் விளைவாக, மீசை அரும்பும் வயதிலேயே பிராட்லா வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. வயிற்றுப் பாட்டுக்காகக் குதிரைப் படையில் சேர்ந்து அயர்லாந்தில் சேவகம் செய்து, பின்பு லண்டன் திரும்பி வக்கீலிடம் குமாஸ்தாவாக அமர்ந்து, பகலில் சட்ட நுணுக்கங்களைக் கற்று, இரவில் புனைபெயரில் மேடையேறிப் பேசிய இம்மனிதரை, பாதிரியாரின் ஒரு கடிதமே உருவாக்கியது என்று நான் நினைப்பதுண்டு.

1877இல் ஜனன நிரோதத்தைப் பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டதற்காக அவரோடு குற்றவாளிக் கூண்டில் நின்ற அம்மையார் வேறு யாருமல்லர். பிற்காலத்தில் நம் அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைமைப் பீடத்தில் அமர்ந்த அன்னி பெசன்ட்தான். அதே காலத்தை ஒட்டி, சென்னை இலௌகிக சங்கத்தார் ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்தி, நாஸ்திக வாதத்தைத் தமிழில் துணிந்து எழுதினார்கள் என்பதையும் வாசகர்கள் நினைவில் கொள்வது நலம்.

இனி 1880க்கு வருவோம். நார்தாம்டன் தொகுதியின் பிரஜைகள், அவர்களில் பெரும்பாலோர் செருப்புத் தைக்கும் தொழிலாளர், பிராட்லாவைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். யூதராகப் பிறந்த காரணத்தால் ராத்சைல்டு பதினொரு வருஷம் வாசலில் காத்து நின்ற கதையை முன்பே பார்த்தோம். பிராட்லாவின் சங்கடம் வேறு விதம். தெய்வத்தின் பெயரால் சத்தியப் பிரமாணம் செய்வதற்குப் பதிலாக, வெறும் உறுதிமொழி கூற அனுமதிக்குமாறு மே 3ஆம் தேதி அவர் சபையின் காரியதரிசியான எர்ஸ்கின் மேயிடம் கடிதம் கொடுத்தார். அதை ஆராய அமைந்த கமிட்டியில் இரு தரப்பும் சமமாகப் பிரிய, தலைவரின் ஒரு வாக்கு அவருக்கு விரோதமாக விழுந்தது. சரி, மற்றவர்களைப் போலப் பிரமாணமே செய்கிறேன் என்று அவர் முன்வந்தபோது, நாஸ்திகன் தெய்வத்தின் பெயரைச் சொல்வது தெய்வ நிந்தனை என்று ட்ரம்மண்ட் உல்ஃபும் ராண்டால்ஃப் சர்ச்சிலும் ஆர்ப்பரித்தார்கள். பிரமாணமும் கூடாது, உறுதிமொழியும் கூடாது என்று சபை ஜூன் 22ஆம் தேதி தீர்மானம் செய்தது. சர்ச்சிலின் கூட்டத்தாரைத் தூண்டியது தெய்வ பக்தியைக் காட்டிலும் பிரதம மந்திரி கிளாட்ஸ்டனின் பேரிலிருந்த துவேஷமே என்பதில் எனக்கு ஐயம் சிறிதும் கிடையாது.

மறுநாள் பிராட்லா சபைக்குள் வந்து, தம் உரிமையை எடுத்துரைத்து, வெளியேற மறுத்தார். சபாநாயகரின் உத்தரவின் பேரில் அவரை அழைத்துப்போய், பார்லிமெண்டு மாளிகையின் கடிகாரக் கோபுரத்தில் இருந்த அறையில் அடைத்தார்கள். ‘பிக் பென்’ என்று உலகமெல்லாம் படத்தில் காணும் அதே கோபுரந்தான். ஜனங்களால் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பிரதிநிதி, பொய்ப் பிரமாணம் செய்ய விரும்பவில்லை என்று நேர்மையாகச் சொன்ன ஒரே குற்றத்திற்காக, அந்த மாபெரும் மணியின் அடியில் ஓர் இரவைக் கழித்தார்.

அடுத்த நாள் விடுதலையானார். ஜூலையில், சட்டத்தின் விளைவுகளுக்குத் தாமே பொறுப்பு என்ற நிபந்தனையோடு உறுதிமொழி கூறி ஆசனத்தில் அமர்ந்தார். உடனே கிளார்க் என்பவர், பிரமாணம் செய்யாமல் போட்ட வாக்குக்கு ஐந்நூறு பவுன் அபராதம் என்று வழக்குத் தொடர, 1881இல் ஸ்தானம் காலியாயிற்று. நார்தாம்டன் மறுபடியும் அவரையே தேர்ந்தெடுத்தது.

அவ்வருஷம் ஆகஸ்டு 3ஆம் தேதி நடந்ததை எழுதுகையில் இன்றும் மனம் பதறுகிறது. மனுக்களை ஏந்திய ஜனத்திரள் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் கூடி நிற்க, தனியே உள்ளே செல்ல முயன்ற பிராட்லாவைப் போலீஸ்காரர்களும் சபைச் சேவகர்களும் பிடித்து, ஆறடிக்கு மேல் வளர்ந்த அந்த உடம்பைப் படிகளில் இழுத்து வந்து முற்றத்தில் தள்ளினார்கள். அங்கி கிழிந்தது, கைகள் வீங்கி அவர் நோயில் படுத்தார். வெளியே நின்ற கூட்டத்திற்கு அவர் ஒரு சைகை காட்டியிருந்தால் போதும். அம்மாளிகையில் ஒரு கண்ணாடி மிஞ்சியிராது. அவர் காட்டவில்லை. இவர் வெறும் கலகக்காரர் என்று சாதிப்பவர்கள் அந்தப் பொறுமைக்கு என்ன சமாதானம் சொல்வார்களோ தெரியவில்லை.

1882 பிப்ரவரியில் அவர் செய்த காரியம் இன்னும் விசித்திரமானது. யாரும் எதிர்பாராத தருணத்தில் சபையின் மேஜையருகே நடந்து சென்று, சட்டைப் பையிலிருந்து புதிய ஏற்பாட்டை எடுத்து, பிரமாணத்தைத் தாமே வாசித்து, புஸ்தகத்தை முத்தமிட்டு, கையொப்பமும் இட்டார். சபை அவரை நீக்கியது. நார்தாம்டன் திரும்பவும் அனுப்பியது. 1883இல், வேண்டுவோர் உறுதிமொழி கூறலாம் என்ற மசோதாவைச் சர்க்கார் கொண்டுவந்தபோது, தம் காலத்து ராஜதந்திரிகளுள் மகா பக்திமானாகிய கிளாட்ஸ்டன், ஒரு நாஸ்திகரின் உரிமைக்காக எழுந்து நிகழ்த்திய பிரசங்கம் அவர் வாழ்க்கையிலேயே சிறந்ததென்று நான் கருதுகிறேன். மசோதா மூன்றே வாக்குகளில் தோற்றது.

ஐந்து முறை நார்தாம்டன் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வாதங்களும் வழக்குகளும் தீர்க்காத இந்த விவகாரம் எப்படித் தீர்ந்தது? 1886 ஜனவரியில் புதிய சபாநாயகர் ஆர்தர் பீல், பிரமாணம் செய்ய வரும் அங்கத்தினருக்கும் அவர் பிரமாணத்துக்கும் இடையே புகுந்து தடுக்கத் தமக்கோ பிறருக்கோ அதிகாரமில்லை என்று கூறிவிட்டார். தெய்வம் உண்டா இல்லையா, மனச்சாட்சி பெரிதா சம்பிரதாயம் பெரிதா என்ற கேள்விகளை அவர் தொடவேயில்லை. யாருக்கு எந்த அதிகாரம் உண்டு என்ற ஒரு சிறு கேள்வி, ஆறு வருஷத்துப் போரை ஒரு பிற்பகலில் முடித்துவைத்தது. பிராட்லா பிரமாணம் செய்து அமர்ந்தார். 1888இல், பிரமாணம் தேவைப்படும் எவ்விடத்திலும் அதற்குப் பதிலாக உறுதிமொழி கூறலாம் என்ற சட்டத்தை அவரே முன்னின்று நிறைவேற்றினார்.

அதற்குப் பிறகு இந்தியாவின் அங்கத்தினர் என்று அழைக்கப்படுமளவுக்கு நம் தேசத்தின் குறைகளைப் பேசினார். 1889இல் பம்பாய்க் காங்கிரஸுக்கு வந்தார். 1891 ஜனவரி 27ஆம் தேதி, 1880ஆம் வருஷத்துத் தீர்மானத்தைத் தன் குறிப்பேட்டிலிருந்து அழித்துவிடச் சபை இசைந்தபோது அவர் மரணப் படுக்கையில் இருந்தார். 30ஆம் தேதி காலமானார். லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மோகன்தாஸ் காந்தி அவருடைய சவ அடக்கத்திற்குச் சென்றிருந்ததைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

ஆனால் 1888ஆம் வருஷத்துச் சட்டம் தனி மனிதனின் நாவைத்தான் விடுவித்தது. சபை முழுவதன் பெயரால் ஓதப்படும் பிரார்த்தனையை அது தொடவில்லை. காமன்ஸ் சபையின் ஒவ்வொரு நாள் அமர்வும் இன்றளவும் பிரார்த்தனையோடுதான் ஆரம்பிக்கிறது. அங்கத்தினர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார்கள். பிரார்த்தனைக்கு வருபவர் சீட்டு வைத்து அன்றைக்குத் தம் ஆசனத்தை நிச்சயப்படுத்திக்கொள்ளலாம். நம்பிக்கையில்லாத அங்கத்தினர் நல்ல ஆசனத்தை விரும்பினால், பிரார்த்தனைக்கு வந்து நின்றாக வேண்டும். இது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

பிடிஃபோர்டில் ஆசனச் சீட்டு இல்லை. விருப்பமில்லாதவர் எழுந்து வெளியே போகலாம் என்றார்கள். அப்படி வெளியே போவதே தம்மை அந்நியராக்குகிறது என்று வழக்காடினார் அந்த முன்னாள் அங்கத்தினர். நீதிபதி ஊஸ்லியும், சபாநாயகர் பீலைப் போலவே, பெரிய கேள்விகளைக் கொண்டு வழக்கை முடிக்கவில்லை. மனித உரிமை மீறப்பட்டது என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. 1972ஆம் வருஷத்து ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தின் 111ஆம் பிரிவை எடுத்து வைத்துக்கொண்டார். அப்பிரிவில் அவர் கண்டது என்ன, எட்டே நாளுக்குள் மந்திரி எரிக் பிக்கிள்ஸ் அதற்கு எவ்விதம் பதில் கொடுத்தார், 2015இல் பார்லிமெண்டு அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பவற்றை அடுத்த வாரம் விஸ்தாரமாகக் காண்போம்.

(தொடரும்)