டாப்னி ஓரம்

டாப்னி ஓரம் (டிசம்பர் 31, 1925 – ஜனவரி 5, 2003) ஒரு பிரித்தானிய இசையமைப்பாளரும் ஒலிப்பொறியாளரும் ஆவார். ஐக்கிய இராச்சியத்தில் மின்னணு இசையின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். பிபிசி வானொலியின் ரேடியோபோனிக் பட்டறை தோன்றக் காரணமாயிருந்தவர்களுள் ஒருவர். வரைந்த கோடுகளை ஒலியாக மாற்றும் ஓராமிக்ஸ் என்னும் பொறியை உருவாக்கியவரும் இவரே.

பிபிசியில் பணி

இங்கிலாந்தின் வில்ட்ஷயரிலுள்ள டிவைசஸ் என்னும் ஊரில் பிறந்தார். லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் கிடைத்த இடத்தை ஏற்காது, 1943 இல் பிபிசியில் இளநிலை ஒலிப்பொறியாளராகச் சேர்ந்தார். இரண்டு இசைக்குழுக்களையும் முன்பே பதிவு செய்த இசைத்தட்டுக்களையும் ஒருங்கே பயன்படுத்தும் "ஸ்டில் பாயின்ட்" என்ற படைப்பை 1949 இல் எழுதினார். பிபிசி அதனை ஏற்கவில்லை. ஒலிநாடாக் கருவிகளே பரவலாகாத காலத்தில் எழுதப்பட்ட இப்படைப்பு, ஓரம் மறைந்து 13 ஆண்டுகளுக்குப் பின்னர், 2016 இல்தான் லண்டனில் முதன்முறையாக இசைக்கப்பட்டது.

1950களில் இரவு வேளைகளில் கலையகங்களின் ஒலிநாடாக் கருவிகளை ஓரிடத்தில் சேர்த்து வைத்துச் சோதனைகள் செய்து, விடியுமுன் அவற்றை உரிய இடங்களில் திருப்பி வைப்பார். 1957 இல் "ஆம்பிட்ரியன் 38" என்ற நாடகத்திற்கு முழுவதும் மின்னணு முறையில் இசையமைத்தார். 1958 இல் லண்டன் மைடா வேலில் ரேடியோபோனிக் பட்டறை தொடங்கப்பட்டபோது, டெஸ்மண்ட் பிரிஸ்கோவுடன் அதன் பொறுப்பேற்றார். ஆனால் பட்டறையின் வேலை நாடகங்களுக்கு வேண்டிய ஒலிகளைச் செய்து தருவதாகவே அமைந்தது. புதிய இசையை ஆக்குவதே ஓரமின் நோக்கம். ஓராண்டு நிறைவதற்குள், 1959 இல் பிபிசியை விட்டு விலகினார்.

ஓராமிக்ஸ்

கென்ட் பகுதியிலுள்ள தமது வீட்டில் சொந்தக் கலையகம் அமைத்த ஓரம், விளம்பரங்கள், திரைப்படங்கள் ஆகியவற்றுக்கு ஒலியமைத்து வருவாய் ஈட்டினார். 1962 இல் குல்பென்கியன் அறக்கட்டளையின் நிதியுதவி கிடைத்தது. அதனைக் கொண்டு, கிரகாம் ரெஞ்ச் என்ற பொறியாளரின் துணையுடன் ஓராமிக்ஸ் பொறியை உருவாக்கினார்.

இப்பொறியில் பத்து 35 மிமீ படச்சுருள்கள் ஒருங்கே நகரும். அவற்றின் மேல் வரையப்படும் புள்ளிகளும் வடிவங்களும் ஒளியை மறைக்க, ஒளிமின்கலங்கள் அதனை உணர்ந்து சுருதி, ஒலியளவு, அதிர்வு போன்றவற்றைக் கட்டுப்படுத்தும். ஒலியின் அலைவடிவத்தைக் கண்ணாடித் தகடுகளில் தனியே வரைய வேண்டும். ஒலியை வரையும் எண்ணம் புதியதன்று. 1930களிலேயே ரஷ்யாவில் திரைப்படச் சுருளின் ஒலித்தடத்தில் நேரடியாக வரைந்து பார்த்துள்ளனர். ஓரம் ஒலியின் ஒவ்வொரு கூறையும் தனித்தனியே வரையச் செய்தார். விசைப்பலகையில் அடங்காத நுண்ணிய ஏற்ற இறக்கங்களை இசையமைப்பாளர் தம் கையாலேயே தீர்மானிக்க முடிந்தது.

எனினும் பொறி விற்பனைக்கு வரவில்லை. 1969 இல் லண்டனின் இஎம்எஸ் நிறுவனம் வெளியிட்ட விசிஎஸ் 3 போன்ற கையடக்கமான சிந்தசைசர்கள் இசைக்கலைஞர்களிடையே பரவின. ஓரம் தமது கருத்துக்களை 1972 இல் நூலாக வெளியிட்டார். 1990களில் பக்கவாதத்தால் அவரது பணி தடைப்பட்டது. ஓராமிக்ஸ் பொறி 2011 இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பழுதடைந்திருந்ததால் அதனை இயக்கிக் காட்ட இயலவில்லை. அவரது ஒலிநாடாக்களும் ஆவணங்களும் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் பாதுகாக்கப்படுகின்றன.