அந்திச் சோறும் ஆசாரமும்

ஒரு குடியின் வரலாற்றை அறிய விரும்புவோர் அதன் பூசையறையைத் துழாவுவதைவிட அடுக்களையை எட்டிப் பார்ப்பது நன்று. பூசையறையில் இருப்பது நம்பிக்கை. அடுக்களையில் வேகுவது வாழ்க்கை. அதிலும் மாலை அடுப்பே பெருஞ்சான்று. உழுதுண்ட குடிகளில் பகற்பொழுதுக்குக் கிடைத்தது முந்திய நாளின் நீர்ச்சோறு, அல்லது கேழ்வரகுக் கூழ். கூலித் தானியம் அந்தியில் வீடு வந்து, குத்திப் புடைத்து, உலையேறிய பிறகே சுடச்சுட ஒரு வேளை. தொட்டுக்கொள்ள வயல் நண்டு, நத்தை, கெளுத்தி, கருவாடு என்று கைக்கு எட்டியது எதுவோ அது; எட்டாத நாளில் கீரையும் புளிக்கரைசலும். மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்தால் மறுநாட் காலைக்காயிற்று. இந்த எளிய மண்சட்டிக்குள் சாத்திரம் புகுந்தது எப்போது? உண்டவன் தன் உணவுக்காக நாண வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் யார்?

கேள்வி பழங்கதை பற்றியதன்று. நடுவணரசு 2014-இல் எடுத்த மாதிரிக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பதினைந்து வயதைக் கடந்தோருள் 100-க்கு 97 பேருக்கு மேல் புலால் உண்பவர். அந்த 97 பேரின் உணவுக்கு நாட்டில் வழங்கும் பெயர் யாது? ‘அசைவம்’! மூவர் உண்பது சைவம். தொண்ணூற்றெழுவர் உண்பது அது அல்லாதது. பெரும்பான்மைக்குத் தனக்கென ஒரு பெயர்கூட இல்லை. சிறுபான்மையின் மறுப்பாக நிற்கிறது. விந்தை அத்துடன் முடியவில்லை. ‘உயர்தர சைவ உணவகம்’ என்ற பலகையை ஊர்தோறும் காண்கிறோம். ‘உயர்தரம்’ என்னும் அடைமொழி ஏன் எப்போதும் சைவத்தோடேயே ஒட்டிக்கொண்டு வருகிறது? மற்றதற்கு ‘மிலிட்டரி ஓட்டல்’ என்று பெயரிட்டு, ஏதோ போர்க்களத்துப் பண்டம்போல் ஒதுக்கி வைத்தார்கள். வாடகைக்கு வீடு தேடும் இளைஞனிடம் முதலில் கேட்கப்படுவது சம்பளமன்று, “நீங்கள் சைவமா?” என்பதே. அந்த ஒரு சொல்லால் கேட்பது உணவை மட்டுமன்று, சாதியையும் என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவனுக்கும் தெரியும்.

சைவம் என்பது சமயத்தின் பெயர். நாமமிட்ட வைணவரும் இன்று ‘சுத்த சைவம்’ என்று கூறிக்கொள்வது ஒருபுறமிருக்க, அந்தச் சமயத்தின் புராணமே சொல்வதென்ன? பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் வேடர் கண்ணப்பர் காட்டுப்பன்றியின் தசையைத் தீயில் வாட்டி, வாயில் மென்று பதம் பார்த்து, நல்லதைத் தேர்ந்து சிவனுக்குப் படைக்கிறார். அது கண்டு பதறியவர் ஆகமம் கற்ற அர்ச்சகர். சிவனோ அர்ச்சகரின் கனவில் தோன்றி வேடரின் அன்பையே உயர்த்திப் பேசுகிறார். நாம் இக்கதைகளை நம்புவோரல்லேம். ஆனால் நம்புவோரைக் கேட்கிறோம்: அன்று கோயிலுக்குள் ஏறிய இறைச்சி, இன்று கோயில் தெருவில் வாடகைக்கு ஒரு வீட்டுக்குள் ஏறினால் தீட்டாவது எங்ஙனம்?

சங்க நூல்களின் பக்கம் செல்வோம். அங்கே ஊன் உணவு ஒளித்து வைக்கப்படவில்லை, பெருமையோடு பேசப்படுகிறது. கரிகாலனின் விருந்தில் அல்லும் பகலும் இறைச்சி தின்று, உழுது தேய்ந்த கொழுப்போலப் பல் மழுங்கியதாகப் பொருநராற்றுப்படையின் பொருநன் களிக்கிறான். அந்தணரான கபிலர், சேர மன்னன் தம் கையைப் பற்றி மென்மையை வியந்தபோது, கறிசோறு உண்பதன்றி வேறு கடுந்தொழில் அறியாத கை என்று மறுமொழி பகர்கிறார். பாரியின் பறம்பை நினைந்து அழும்போதும் அங்கு உண்ட ஊன்சோறு அவர் நெஞ்சில் நிற்கிறது. கபிலரின் அந்தணமை அதனால் குன்றியதாக எவரும் எழுதவில்லை. அதே காலத்துப் பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் மனை ஒன்றில் பாணனுக்குக் கிடைப்பது நெற்சோறு, வெண்ணெயில் வெந்த மாதுளங்காய், மாவடு ஊறுகாய். இருவகை உண்போரும் இருந்தனர். நிலத்துக்கும் மனைக்கும் ஏற்பச் சட்டி மாறியது, அவ்வளவே. கீழடி அகழாய்வு பற்றித் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையும், ஆடு, மான், காட்டுப்பன்றி எலும்புகளில் வெட்டுத் தடங்களைக் குறிக்கிறது.

ஆயின் அந்நூல்களிலேயே நம் நெஞ்சைத் தைக்கும் அடுக்களை மற்றொன்று உண்டு. சிறுபாணாற்றுப்படையில் பாணன் வீட்டு மனைவி குப்பையில் முளைத்த கீரையை உப்புமின்றி வேகவைக்கிறாள். பிறர் கண்ணிற் படுமே என நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். அதுவும் புலால் இல்லாத உணவுதான். அதனை யாரேனும் ‘உயர்தரம்’ என்பாரா? ஏழை கீரை தின்றால் வறுமை. செல்வன் தின்றால் ஒழுக்கம்! நம் காலத்துக் கணக்கையும் பார்க்கலாம். புலாலுண்போர் எனப்படும் உழைப்பாளி வீட்டில் வாரத்தின் ஏழு மாலைகளில் எத்தனை மாலை கறி வேகிறது? ஞாயிறு ஒன்று, கூலி நன்றாக வந்தால் புதனிலும் மீன். வெள்ளி விலக்கு, அமாவாசை விலக்கு, புரட்டாசி முழுதும் விலக்கு. எஞ்சிய மாலைகளை ரசமும் பருப்பும் கத்தரிக்காயும் நிரப்புகின்றன. ஆக, சைவம் அசைவம் என்னும் பிளவு சட்டியில் இருப்பதைவிடப் பிறவிப் பட்டியலிலேயே அழுத்தமாக இருக்கிறது.

வைதிகம் தொன்றுதொட்டுப் புலால் மறுத்ததா என்றால் அதுவுமில்லை. வேள்விக் களம் பலிகளால் நனைந்த களம். நல்ல கல்வியுடைய மகன் வேண்டுவோர் காளை இறைச்சி கலந்த சோற்றை நெய்யோடு உண்ணலாம் என்று பிரகதாரணியக உபநிடதம் வழி கூறுகிறது. மனுதர்மத்தின் ஐந்தாம் அத்தியாயமோ, சடங்கில் முறைப்படி இட்ட ஊனை உண்ண மறுப்பவன் 21 பிறவி விலங்காய்ப் பிறப்பான் என அச்சுறுத்துகிறது! உண்டால் பாவம் என்று இன்று உரைப்போரின் சாத்திரம், உண்ணாவிட்டால் பாவம் என்று அன்று உரைத்தது.

கொலைக்கு எதிராகக் குரல் ஓங்கியது சமண பௌத்தப் பாசறைகளிலிருந்தே. அங்கும் ஒரே குரல் இல்லை. பிக்குகள் மீனும் இறைச்சியும் அறவே விலக்க வேண்டும் என்று தேவதத்தன் கேட்டபோது புத்தர் அதனைக் கட்டாயமாக்க மறுத்தார் என்று விநய நூல் கூறுகிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகனின் முதற் பாறைக் கல்வெட்டு ஓர் அரசனின் அடுக்களையையே வரலாறாக்குகிறது: முன்பு நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் குழம்புக்காகக் கொல்லப்பட்டன, இப்போது இரு மயிலும் ஒரு மானும் மட்டும், மானும் எந்நாளுமன்று, இனி அவையுமில்லை. வெளிப்படையான வாக்குமூலம். இன்று அடையும் முன்னரே அடைந்துவிட்டோம் என்று பறைசாற்றும் அரசுகள் அதைப் படிக்கலாம்.

வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அதனுள் ஆயிரம் வேள்வியைவிட ஓர் உயிரைக் கொன்று தின்னாமை நன்று என்கிறார். அக்கருத்து யாரை நோக்கி எறியப்பட்டது என்பது வெளிப்படை. வடலூரில் 1867-இல் தருமச்சாலை கண்ட இராமலிங்கர் புலாலை வெறுத்தார். ஆனால் பசித்து வந்தவனின் குலத்தைக் கேளாமல் சோறிட்டார். அருளால் ஒருவன் புலாலை விடுவானாயின் அவனை நாம் மதிக்கிறோம். நாம் எதிர்ப்பது அவனையன்று. தான் உண்ணாததைக் காட்டி அடுத்தவனைத் திண்ணையோடு நிறுத்துகிறானே, அவனை.

அந்த நிறுத்தல் புலாலுக்காகவா? 1920-களின் நடுவில் சேரன்மாதேவி குருகுலத்தில் எழுந்த பூசலை நினைத்துப் பாருங்கள். தேசபக்தி ஊட்டுவதாகச் சொல்லிப் பொதுப்பணம் பெற்ற அவ்விடத்தில் தனியே உண்ண வைக்கப்பட்டோர் புலால் மறுத்த பிள்ளைகள் அல்லர், பிராமணப் பிள்ளைகள். பெரியார் எதிர்த்தது அதனை. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் நடந்த ‘பிராமணாள்’ பெயர்ப்பலகை எதிர்ப்புக் கிளர்ச்சியும் இட்டலியை எதிர்த்ததன்று. முன்னாளில் அத்தகைய கடைகளின் உட்கூடத்துக்கு வெளியே, பரம்பரையாகப் புலாலைத் தொடாத சைவ வேளாளரும் நின்றார். மறுபுறம் காசுமீரப் பண்டிதர் ஆட்டிறைச்சி உண்பார். வங்கப் பிராமணர் மீனின்றி விருந்து வையார். அவர்தம் பூணூல் அறுந்து விழவில்லை. உண்பவனுக்கும் உயர்வு, உண்ணாதவனுக்கும் தாழ்வு என்றால் அளவுகோல் எதுவென விளங்கவில்லையா?

மாட்டிறைச்சியின் கதை இன்னும் கொடிது. தீண்டாமையின் தோற்றத்தை ஆராய்ந்து அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட நூல், ஒரு காலத்தில் வைதிகரே உண்ட மாட்டிறைச்சி பின்னர் வேலியானதை விரித்துரைக்கிறது. பௌத்தத்தை வெல்லப் பசுவைப் புனிதமாக்கினர். செத்த மாட்டின் தசையைத் தின்ன வேண்டிய நிலையில் இருந்தோரைத் தீண்டத்தகாதோராக்கினர் என்பது அவர் முடிபு. சந்தையில் மலிவான இறைச்சியை வாங்கியவன் அதனாலேயே மலிவானவனாக்கப்பட்டான்.

இவ்வளவுக்கும் நடுவே மாலைதோறும் அடுப்பூதிக் கண் சிவந்தவள் பெண். சைவ வீட்டில் ஆசாரத்தின் சுமையும், அசைவ வீட்டில் மீன் ஆய்ந்து அம்மி அரைக்கும் சுமையும் அவள் தோளிலேயே ஏறின. பரிமாறிய பின் சட்டியில் எஞ்சியதே அவள் பங்கு. இது தனியே எழுத வேண்டிய வரலாறு.

சட்டியைச் சாத்திரத்தின் பிடியிலிருந்து சிறிதேனும் விடுவித்த இடம் பள்ளிக்கூடம். நீதிக்கட்சியின் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி 1920-இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு தந்தது. 1950-களில் காமராசர் ஆட்சி அதனை நாடெங்கும் பரப்பியது, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி சத்துணவாக விரித்தது. 1989-இல் கலைஞர் ஆட்சி இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தது. 2010-இல் அது வாரம் ஐந்தாயிற்று. அங்கன்வாடிக் குழந்தைக்கு முட்டை கூடாது என்று 2015-இல் மத்தியப் பிரதேச முதலமைச்சரே மறுத்த செய்தியை இதனருகில் வைத்துப் பாருங்கள். இங்கே முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறார்கள். முட்டைத் தட்டும் பழத் தட்டும் ஒரே வரிசையில், தோளோடு தோள் அமர்ந்திருக்கின்றன.